அவன் வூட்ல அன்னிக்கு என்ன கொழம்பு

ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவர் முகம் வர வேண்டும். எனக்கு அந்த அக்காவின் முகத்துக்கு முன்னால் என் அம்மாவின் முதுகுதான் வருகிறது. அக்கா பக்கம் முகத்தையும் என் பக்கம் முதுகையும் வைத்து உட்கார்ந்திருக்கும் அம்மா. ரவிக்கைக்கு மேலே கழுத்தில் வெள்ளைத் தூள். என் இருபத்திரண்டாவது வயது முழுக்க அந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நான் பொம்மை சுரண்டினேன்.

எங்கள் பீங்கான் கம்பெனியில் எட்டுப் பெண்களுக்கு அதுதான் வேலை. இரண்டு பாதி அச்சில் வார்த்து எடுத்த பொம்மைக்கு, அச்சுகள் சேர்ந்த இடத்தில் தலை முதல் கால்வரை ஒரு வரப்பு எழுந்திருக்கும். ஈரம் கொஞ்சம் வற்றியதும் கத்தியால் அதைச் சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகிற பலகையில் அடுக்க வேண்டும். அம்மா அங்கே பத்து வருடமாக இருந்தாள். நான் தமிழ் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று போய் உட்கார்ந்தேன். அந்த அக்கா எனக்கு இரண்டு வருடம் முன்பு வந்தவள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை. புருவத்தில் களிமண் தூள் உதிராமல் நிற்கும். சிரித்தால் மட்டும் கொஞ்சம் உதிரும். என் அம்மாவைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். இருந்தாலும் கம்பெனி முழுக்க, அம்மா தவிர எல்லோருக்கும் அவள் அக்கா.

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறேன். முடியுமா தெரியவில்லை.

அவள் சினிமாக் கதை சொல்லுவாள். குரலில் ஒரு இனிமையும் கிடையாது, சளி பிடித்த குரல். அஞ்சாவதுக்கு மேல் படிக்கவில்லை. உவமை ஒன்றுகூட வராது அவளுக்கு. அதுதான் என்னை எரித்தது. நான் ஒரு உவமைக்காக மூன்று நாள் சோறு இறங்காமல் கிடப்பேன். அவள் 'அப்பறம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்பாஞ்சைப் பிழிவாள். மற்ற ஏழு பேர் கழுத்தும் அவள் பக்கம் திரும்பும்.

அவளுக்கு வெட்டுக்குத்துப் படம்தான் பிடிக்கும். பழிவாங்குகிற கதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு, அதே வெள்ளைச் சேலையோடு, பர்ஸில் ஜெபமாலையோடு, நேராக மேட்னிக்குப் போய் உட்காருவாள்.

"காலைல பூச, மத்தியானம் கொல," என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

"சாமியும் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான இருக்குது. நா பாத்தா மட்டும் தப்பா?" என்பாள்.

காதல் படம் என்றால் முகத்தைச் சுளிப்பாள். "ரெண்டு பேரும் சேந்துட்டா அப்பறம் சொல்றதுக்கு என்னா இருக்குது."

சண்டைக் காட்சி வந்தால் எங்கள் எட்டுக் கத்திகளும் தாமாக வேகம் எடுக்கும். பொம்மைகளின் கழுத்து அந்த வேகம் தாங்காது. ஒரு திங்கட்கிழமை மேஸ்திரி வந்து பலகையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏம்மா, உன் ஹீரோ மொத்தம் அஞ்சு பேரத்தான் கொன்னான். இங்க பாரு, பன்னண்டு தல உருண்டு கெடக்குது."

"அது எங்கையில இல்லீங்களே, டைரக்டரு வச்ச சீனு."

"நாளைக்கு முருகருக்கு மூக்கு வேல. அழுவுற சீனா பாத்து வச்சுக்க. சண்டைய அடிப்பாகம் தேய்க்கிற அன்னிக்கு சொல்லு."

அன்றிலிருந்து அது எழுதாத சட்டமாகிவிட்டது. மூக்கு, விரல் வேலை என்றால் சோகம். அடிப்பாகம் என்றால் சண்டை. வேலையைப் பார்த்துக் கதையை முன்னே பின்னே மாற்றிச் சொல்லுவாள். அப்போதும் கதை கெடாது. நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கவிதை ஒன்றை ஒருமுறை படித்துக் காட்டினேன். "நல்லாருக்குது பாப்பா," என்று டிபன் பாக்ஸ் கழுவப் போய்விட்டார்கள். என் கவிதை கேட்டு எந்தப் பொம்மைக்கும் சுண்டுவிரல்கூட முறிந்ததில்லை.

ஆனால் சண்டையில் இல்லை அவள் வித்தை. சண்டை முடிந்த இடத்தில் இருந்தது. ஹீரோ ஒருத்தனைக் கொன்றுவிட்டுப் போவான். படத்தில் கேமராவும் அவன் பின்னால் போய்விடும். அக்கா போக மாட்டாள். செத்தவன் பக்கத்திலேயே நின்றுவிடுவாள். கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கேட்பாள்:

"சரி. அன்னிக்கு அவன் வூட்ல என்ன கொழம்பு?"

பெயரில்லாத அடியாளாக இருப்பான். படத்தில் ஒரே ஒரு தடவை "அண்ணே" என்று சொல்லிவிட்டுச் செத்திருப்பான். அவனுக்கு ஒரு வீடு கட்டுவாள், ஒரு அடுப்பு மூட்டுவாள், அதன்மேல் ஒரு சட்டி வைப்பாள்.

சினிமாவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒருநாள் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கினார். நான் சண்டை போட்டேன். கம்பெனிக்கு நடந்து வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். அக்கா பேசாமல் வந்தவள், "அந்தாளு காலைல பழையது கூட சாப்புடல," என்றாள்.

"ஒங்களுக்கு எப்டிக்கா தெரியும்?"

"வெறும் வயித்துக்காரன் வெரலு அப்டிதாண்டி டிக்கெட்டு கிழிக்கும்."

அன்று இரண்டு வரி எழுத உட்கார்ந்தேன். கண்டக்டரின் விரல் எனக்கு நினைவில்லை. நான் அவர் வாயைத்தான் பார்த்திருந்தேன்.

இனி அப்பா. அதைச் சொல்லாமல் இந்த அக்காவைச் சொல்ல முடியாது.

நான் பன்னிரண்டாவது படிக்கும்போது சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஒரு லாரி அப்பாவின் சைக்கிளை அடித்தது. டிரைவர் வண்டியை விட்டுவிட்டு ஓடி, மறுநாள் ஸ்டேஷனில் போய் நின்றான். மங்களூர் பக்கத்து ஆள் என்றார்கள். கேஸ் நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. அம்மா அழவில்லை. பதினேழாம் நாள் வேலைக்குப் போனாள். ஆனால் ரோட்டில் எந்த லாரி போனாலும் நின்று, மண்ணில் துப்பி, "அவன் கை வெளங்காம போவ," என்பாள். கூட நானும் சொல்லுவேன். அப்பா போன பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த வசவு ஒன்றுதான். அதில் நாங்கள் அம்மாவும் பெண்ணுமாக இருந்தோம்.

அப்பாவுக்காக நான் ஒரு நீண்ட கவிதை எழுதினேன். சிறுபத்திரிகை ஒன்றில் வந்தது. தார்ச்சாலையின் கறுப்பு நாக்கு என்று ஒரு வரி, அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அம்மாவை உட்காரவைத்துப் படித்தேன். முடித்து நிமிர்ந்தபோது, "கரண்ட்டு போவப்போவுது, மோட்டார போட்டுடு," என்றாள்.

நான் கம்பெனியில் சேர்ந்த வருடம் ஒரு படம் வந்தது. பெயர் வேண்டாம். தங்கையை லாரி ஏற்றிக் கொன்ற ஐந்து பேரை அண்ணன் தேடித் தேடிக் கொல்கிற கதை. பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை, படம் முழுக்கப் புழுதியும் ரத்தமும். எங்கள் ஊர் தியேட்டரில் ஒரு வாரம்தான் ஓடியது. கம்பெனியில் அதைப் பார்த்தவள் அக்கா ஒருத்திதான்.

திங்கட்கிழமை கதையை ஆரம்பிக்குமுன் அம்மாவிடம் கேட்டாள். "லாரி வருது கதையில. சொல்லவா, வுட்டுடவா?"

அம்மா சுரண்டுவதை நிறுத்தவில்லை. "சொல்லு. டிரைவர கொல்றானா இல்லியா?"

"மொத ஆளே அவந்தான்."

"அப்ப சொல்லு."

லாரி டிரைவரை ஒரு பஞ்சர் கடையில் வைத்து ஜாக்கி ராடால் அடித்துக் கொன்றாள் அக்கா. அன்று எங்களுக்கு அடிப்பாகம் தேய்க்கிற வேலை, எல்லாம் சட்டப்படிதான். அம்மாவின் கத்தி வேகமாக ஓடியது. "இன்னும் ரெண்டு போடு," என்றாள் ஒருமுறை. நானும் மனசுக்குள் இரண்டு போட்டேன். டிரைவர் செத்தான்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரி. அன்னிக்கு அவன் வூட்ல என்ன கொழம்பு?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை.

"கருவாட்டு கொழம்பு. எட்டு நாளு லைனு போயிட்டு வரான்ல. பொண்டாட்டி காலைலியே கருவாட்ட அலசி வச்சுட்டா. கத்திரிக்கா நாலு, மாங்கா ஒரு துண்டு. ஆனா அவளுக்கு கொழம்பு பெரிசு இல்ல. அவன் கைதான் பெரிசு. லாரிக்காரன் கையில்ல, கிரீசு நகத்துக்குள்ள ஏறிப்போயி கெடக்கும். அந்தக் கையோட சோத்துல கை வைக்கிறான்னு வருசமா சண்ட. அதனால இந்தத் தடவ ஒரு சோப்பு வாங்கியாந்து தொவைக்கிற கல்லு மேல வச்சிருக்கா. புதுசு. பேப்பரு கூட பிரிக்கல. அவனே வந்து பிரிக்கட்டும்னு.

"ஒண்ணாச்சு. ரெண்டாச்சு. கொழம்பு ஆறிப்போச்சு. மூணு மணிக்கு வாசல்ல ரெண்டு ஆளு வந்து நிக்கிறாங்க, ஒருத்தன ஒருத்தன் நீ சொல்லு நீ சொல்லுன்னு.

"எல்லாம் முடிஞ்சுது. எடுத்துட்டுப் போயி வச்சுட்டு வந்துட்டாங்க. வந்தவங்க அந்தக் கல்லாண்டதான் குளிக்கிறாங்க. ஒருத்தரு அந்த சோப்ப எடுக்கப் போறாரு. அவ உள்ளேருந்து ஒரே ஒரு வார்த்த சொல்றா. 'அது அவருது.'"

அம்மாவின் முதுகு குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்தேன். மடியில் இருந்த பொம்மை உருண்டு போய்ச் சுவரில் மோதியது. ஐந்து வருடத்தில் நான் கேட்காத சத்தம். எழுந்து போய்த் தோளைத் தொட்டேன். தட்டிவிட்டாள். அக்காவைப் பார்த்துச் சொன்னாள்:

"எங்க வூட்ல அன்னிக்கு முருங்கக்கா சாம்பாரு."

அக்கா கேட்டாள், "எத்தன காயி?"

"ரெண்டு. அவருக்குன்னு சதப்பத்தா நாலு துண்டு எடுத்து வச்சிருந்தன்."

அந்தச் சாம்பாரை அன்று நானும் டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சாப்பிட்டு, சக்கையை மென்று துப்பியிருந்தேன். என் கவிதையில் நிலா இருந்தது, காகம் இருந்தது, ரத்தம் தேவைக்கு அதிகமாகவே இருந்தது. முருங்கைக்காய் இல்லை. ஐந்து வருடமாக நான் அம்மாவிடம் அதைக் கேட்கவுமில்லை.

அதற்குப் பிறகு அம்மா லாரிகளைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் நாங்கள் ரோடு ஓரமாக நடந்து வரும்போது பாரம் ஏற்றிய லாரி ஒன்று போனது. நான் வழக்கம்போல் நின்று, "அவன் கை வெளங்காம போவ," என்றேன். அம்மா நிற்கவில்லை. "அவன் வூட்லயும் எத்தினி பேரோ," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். நான் மட்டும் தூசியில் நின்றேன். எங்களுக்கு மிச்சமிருந்த ஒன்றையும் அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் காட்சி படத்தில் இருக்காது என்று எனக்குத் தெரியும். பத்திரிகையில் விமர்சனம் படித்திருந்தேன்; முதல் கொலையிலிருந்து படம் மூச்சுகூட விடாமல் ஓடுகிறது என்று எழுதியிருந்தார்கள். மூச்சு விடாத படத்தில் கருவாடு எங்கே வேகும்? அக்கா பொய் சொல்லியிருந்தாள். ஒரு பொய்க்கு அம்மா அழுதிருந்தாள். இதை அம்மாவுக்குக் காட்டிவிட்டால் அவள் திரும்பி என் பக்கம் உட்காருவாள் என்று நினைத்தேன். பழிவாங்குவதில் இருக்கிற பொறுமை எனக்கு அப்போதுதான் வந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டிவிடி கடைக்கு வாரம் மூன்று தடவை போனேன்.

"அது ரத்தப் படம்மா. ஒனக்கு எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

"வேணும்ணே."

நாலு மாதம் கழித்து வந்தது. அட்டையில் பாதி முகம், பாதி ரத்தம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். காலையிலிருந்து பிளேயர் இரவல் வாங்குவதும் ஒயர் சொருகுவதும் பாய் விரிப்பதுமாக, அம்மாவை அடுப்புப் பக்கம் போகவே விடவில்லை. ஐந்து பேர் வந்தார்கள். அக்கா மேட்னிக்குப் போகாமல், பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு வந்தாள். அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பஞ்சர் கடை வந்தது. ராடு உயர்ந்தது. டிரைவர் விழுந்தான். அடுத்த ஷாட்டில் ஹீரோ பைக்கில் இரண்டாவது ஆளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தான். நான் படத்தை நிறுத்தினேன்.

"எங்கக்கா அந்த வூடு? எங்க கல்லு, எங்க சோப்பு?"

ஒருத்தி சொன்னாள், "டிவிடில வெட்டிட்டாங்க பாப்பா."

"ஆமாமா," என்றாள் இன்னொருத்தி. "எங்க வூட்ல வாங்குன படத்துலயும் ஒரு பாட்டே இல்ல."

அம்மா தலையாட்டினாள். "தேட்டர்ல ஓட்டுறது வேற, இது வேற."

"தியேட்டர்ல பாத்தவங்க இங்கதான இருக்காங்க. நீங்களே சொல்லுங்கக்கா. இருந்துச்சா?"

ஒரு 'ஆமா' போதும் அவளுக்கு. எல்லோரும் நம்பத் தயாராக இருந்தார்கள். அக்கா சேலை முந்தியைச் சுருட்டினாள், விட்டாள்.

"இல்லடி. படத்துல இல்ல. நாந்தான் வச்சேன்."

வென்றுவிட்டேன் என்று அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா அக்காவின் முழங்காலில் கை வைத்தாள்.

"பாத்தியா," என்றாள் என்னிடம். "நீ நாலு பேரு முன்னாடி சங்கடப்படக் கூடாதுன்னு தம்மேல போட்டுக்குறா. இவள போயி கேள்வி கேக்குற."

"அம்மா, அவங்களே சொல்றாங்க..."

"சொல்லுவா. அவ கொணம் அப்டி."

அந்த அறையில் அக்கா சொன்னதை நம்பியவள் நான் ஒருத்திதான். உண்மை எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது, வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. படத்தை முழுக்கப் பார்த்தார்கள். வெட்டியது போக மிச்சம் பரவாயில்லை என்றார்கள். போகும்போது அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"இன்னிக்கு உங்க வூட்ல என்ன கொழம்பு?"

"ஒண்ணும் வைக்கலக்கா."

"அதான்," என்றாள். புருவத்திலிருந்து கொஞ்சம் தூள் உதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட அது இருந்திருக்கிறது.

மறுவருடம் அவள் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். பிறகு தகவல் இல்லை. அவள் போன வாரம் மேஸ்திரி என்னிடம் வந்து, "நீ எழுதுற பொண்ணுதான, எதுனா சொல்லேன், எல்லாம் தூங்கி வழியுதுங்க," என்றார். நான் ஒரு கதை சொன்னேன். அடிப்பாக வேலைதான், சண்டைக் கதைதான். மாலையில் பலகையைப் பார்த்தார். ஒரு தலைகூட உருளவில்லை. மேஸ்திரிக்கு ரொம்ப சந்தோஷம்.

போன மாதம் அந்தப் படத்தை மறுபடி வெளியிட்டார்கள். அன்று ஒரு வாரத்துக்கு மேல் ஓடாத படத்தை இன்று பெரிய படம் என்கிறார்கள். பழைய பிரிண்டைத் துடைத்துச் சுத்தமாக்கி, ப்ளூ-ரே தட்டில் பெட்டி போட்டு, உள்ளே சின்னப் புத்தகம் வைத்து. அட்டையின் பின்பக்கம், படத்தில் இடம்பெறாத காட்சிகளும் சேர்த்து என்றிருந்தது. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். ஒருவேளை அந்த வீடு அதில் இருந்துவிட்டால்? யாரோ எழுதி, எடுத்து, வெட்டிப் போட்டதை அவள் எங்கோ கேட்டு எங்களுக்குச் சொல்லியிருந்தால்? இருபத்திரண்டு வருடம் கழித்தாவது அவளும் வெறுமே கேட்டதைத் திருப்பிச் சொன்னவள் என்று ஆகிவிடுமே. தட்டை வாங்கினேன், அதைப் போட மெஷினும் வாங்கினேன். அம்மாவிடம்கூடக் காரணம் சொல்லவில்லை.

வெட்டிய காட்சிகளை முதலில் தனியாகப் பார்த்தேன். மூன்று இருந்தன. ஒரு கோர்ட் காட்சி, இரண்டு சண்டை. வீடு இல்லை. கல் இல்லை. பொறாமை இன்னும் ஒரு சுற்று சுற்றி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தது.

மறுநாள் மதியம் அம்மாவுக்குப் போட்டேன். கண் ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாகவே தெரிகிறது. பஞ்சர் கடை வந்ததும் நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். டிரைவர் விழுந்தான். ஹீரோ பைக்கில் ஏறினான். நான் எதுவும் சொல்வதற்கு முன் அம்மா சொன்னாள், "இதுலயும் வெட்டிட்டாங்க."

படத்தை நிறுத்தினேன். அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "சரி. அன்னிக்கு அவன் வூட்ல என்ன கொழம்பு?" என்று ஆரம்பித்து நானே சொன்னேன். கருவாடு, கத்திரிக்காய் நாலு, மாங்காய் ஒரு துண்டு. நகத்துக்குள் ஏறிய கிரீஸ். பிரிக்காத சோப்பு. உவமை ஒன்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவள் விட்ட இடத்தில் மூச்சு விட்டேன். 'அது அவருது' என்று முடித்தேன்.

அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். திறந்தாள்.

"ஒரு வார்த்த வுடாம சொல்ற," என்றாள். "ஆனா அவ சொன்னப்ப சோப்பு வாசன வந்துது."

நான் ரிமோட்டை எடுத்தேன். திரையில் ஹீரோ இரண்டாவது ஆளைத் தேடிப் புழுதியில் பைக்கில் போனான். அந்த ஆள் ஒரு டீக்கடை வாசலில் நின்று, முதுகைக் காட்டியபடி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"இவன் வூட்ல பூண்டுக் கொழம்பு," என்றாள் அம்மா, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.